மூன்றாம் ஓலை

அந்த நாற்காலி வேண்டாம் அக்கா, அதற்கு ஒரு கால் ஆட்டம். இதில் உட்காருங்கள். ஃபேனைக் கூட்டட்டுமா? கூட்டினால் கடகடவென்று சத்தம் போடும், குறைத்தால் காற்றே வராது. இந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான். அக்கா என்று கூப்பிடலாம் இல்லையா? சம்பந்தி முறையில் மைனி என்று கூப்பிட இன்னும் நாள் இருக்கிறது. கர்த்தருக்குச் சித்தமானால் அதுவும் நடக்கும்.

பெண் பார்க்க மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிகிறது. எப்சிபா உள்ளே பஜ்ஜி போட்டுக்கொண்டிருக்கிறாள். காப்பியும் அவள்தான் போடுவாள். நான் போட்டால் ஒரு நாள் கசக்கும், ஒரு நாள் கழுநீர் மாதிரி இருக்கும். அவள் அப்பா மக்ரூன் வாங்க பஜாருக்குப் போயிருக்கிறார். நீங்கள் நாலு மணிக்கு மேல்தான் வருவீர்கள் என்று நினைத்துவிட்டார். பஸ் சீக்கிரம் வந்ததற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? ஆனால் வந்ததும் என்னைத்தான் சத்தம் போடுவார், ஏன் போன் பண்ணவில்லை என்று. போன் எங்கே இருக்கிறது, அவர் சட்டைப்பையில் இருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் இருக்கிற ஒரு போனை அவர் கொண்டுபோய்விட்டால் நான் எதில் பண்ணுவது? எப்சிபா போனை நான் கேட்பதில்லை.

போகும்போதே சொல்லிவிட்டுத்தான் போனார். "ஏளா, நா வர்றதுக்குள்ள அவுங்க வந்துட்டா கோயில் விஷயமாப் பேசிக்கிட்டு இரு. அசனம், கன்வென்ஷன், பாட்டு, என்ன வேணும்னாலும் பேசு. மத்தத நா வந்து பேசிக்கிடுதேன்." சரி என்று தலையாட்டினேன். எப்சிபாவும் வாசல்வரை வந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

இப்போது நீங்கள் கேட்கிறீர்கள், முதலில் பேசிய சம்பந்தம் ஏன் நின்றுபோனது என்று.

ஒத்துவரவில்லை என்று சொல்லத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். "எதுல ஒத்துவரல?" என்று கேட்டுவிட்டீர்களே. கேட்ட பிறகு எப்படி அக்கா சொல்லாமல் இருப்பது? இதுவும் கோயில் விஷயம்தானே. கல்யாண ஓலையைக் கோயிலில் வைத்துத்தானே வாசிக்கிறார்கள்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எனக்குக் கீழே நாலு பிள்ளைகள். அம்மா பீடிக்கட்டு எடுத்துக்கொண்டு கடைக்கும் வீட்டுக்கும் நடப்பாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். "சொர்ணபாய் படிச்சது போதும், வீட்ல நிக்கட்டும்" என்றார் அப்பா. நிற்கிறாயா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. டீச்சர்கூட ஒரு வார்த்தை ஏன் என்று கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நடக்கிற ஓய்வுநாள் பள்ளிக்கு மட்டும் போகலாம் என்று விட்டார்கள், அதற்குக் காசு கிடையாது. அதற்குப் பிறகு படித்த எழுத்து, எனக்குத் தெரிந்த நல்லது கெட்டது எல்லாம் அங்கே படித்ததுதான். கீழ்ப்படிதல் என்று அங்கே ஒரு பாடம் நடத்தினார்கள். நம்முடைய வாழ்க்கை ஒரு யாத்திரை, ஆராதனை அதற்குக் கட்டுச்சோறு, கீழ்ப்படிதல் அதற்குக் கால் செருப்பு என்று உபதேசியார் சொல்லிக்கொடுத்தார். அன்றைக்குப் பிடித்துக்கொண்டது இன்றைக்கும் விடவில்லை.

கல்யாணத்தையும் என்னிடம் கேட்டுச் செய்யவில்லை. பிள்ளைக்குப் பெயர் வைத்ததும் அப்படித்தான். எப்சிபா என்பது என் நாத்தனார் வைத்த பெயர். எனக்கு அது வாயிலேயே நுழையாது, எப்சி எப்சி என்றுதான் கூப்பிடுவேன். இந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், இந்தப் பச்சையைப் பாருங்கள், எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கேட்டால்தானே சொல்லுவேன்? நான் குறை சொல்லவில்லை அக்கா. பரதேசியாகப் போகிறவளுக்குச் சுவர் எந்த நிறத்தில் இருந்தால் என்ன.

என்னிடம் கேள்வி கேட்ட ஒரே இடம் கோயில்தான். நற்கருணைக்குச் சேர்க்கிற திடப்படுத்தல் அன்றைக்குப் பேராயர் கேட்டார், நம்புகிறாயா என்று. நம்புகிறேன் என்றேன். கல்யாணத்தில் குருவானவர் கேட்டார், சம்மதமா என்று. வீட்டில் யாரும் கேட்காததை அவர் கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சம்மதம் என்றேன். பிள்ளையின் ஞானஸ்நானத்தில் கேட்டார்கள். கோயிலில் கேட்கிற எந்தக் கேள்விக்கும் நான் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. சிலர் வாயை மட்டும் அசைப்பார்கள், பார்த்திருப்பீர்களே. நான் சத்தமாகச் சொல்லுவேன்.

"எப்சி, எண்ண ரொம்பக் காயப்போவுது, பாத்துக்கோ!"

 அவள் காதில் விழுந்திருக்கும், விழாமல் என்ன? இந்தச் சுவர் ஒற்றைச் செங்கல் சுவர். நாம் பேசுவதும் அவளுக்குக் கேட்கும். கேட்கட்டும். நான் அவளுக்குப் பின்னால் எதையும் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கும் எல்லார் முன்னிலையிலும்தான் பேசினேன்.

அந்தப் பையன் பெயர் கனிராஜ். இதே சபைதான். அவன் அம்மா மெர்சி டீச்சர், எங்கள் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பவர். நல்ல பையன் அக்கா. நான் யாரையும் குறை சொல்லவே இல்லை. எப்சியும் அவனும் வாலிபர் ஐக்கியத்தில் சேர்ந்து பாட்டு, நாடகம் எல்லாம் செய்தவர்கள். அவர்களாகவே பேசி வைத்திருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. வெளியில் பார்க்கிறவர்களுக்குப் பெரியவர்கள் பேசி முடித்த மாதிரி இருந்தது. நிச்சயதார்த்தம் நல்லபடியாக நடந்தது. மெர்சி டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மைனி, உங்க பிள்ள எங்க வீட்டுக்கு வர்றது எங்க ஜெபத்துக்குக் கிடைச்ச பதிலு" என்றார்.

நான் கையை மெதுவாக இழுத்துக்கொண்டேன். ஏனென்றால் அவருக்கு ஒரு விஷயம் தெரியாது.

எப்சிக்குச் சின்ன வயதில் வலிப்பு வரும். இரண்டாம் வகுப்பில் ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில், கிணற்றடியில், ஒரு தரம் கோயில் அசன விருந்துப் பந்தியில் இலைக்கு முன்னால் அப்படியே சாய்ந்தாள். பாளையங்கோட்டையில் வைத்தியம் பார்த்தோம். மாத்திரை, மாத்திரை, ஒரே மாத்திரை. வயதுக்கு வந்த பிறகு நின்றுவிட்டது. டாக்டரே மாத்திரையை நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் படித்தாள், டீச்சர் ஆனாள், ஸ்கூட்டர்கூட ஓட்டுகிறாள். ஊரில் பாதிப் பேர் மறந்துவிட்டார்கள். மெர்சி டீச்சர் குடும்பம் பிறகு குடிவந்தவர்கள், அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

எங்கள் வீட்டுக்காரரும் என் நாத்தனாரும் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். "போன வியாதிய எதுக்கு இழுத்துட்டு வரணும்? ஒண்ணும் சொல்லாண்டாம்" என்றாள் நாத்தனார். நான் பக்கத்திலேயே நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். நீ என்ன சொல்லுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும்.

ஓலை ஆரம்பித்தது. மதுரைப் பக்கமும் அப்படித்தானே? மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, இதற்குத் தடை ஏதாவது இருப்பதாகத் தெரிந்தவர்கள் தெரியப்படுத்த வேண்டும் என்று. எத்தனை ஓலை கேட்டிருப்பேன். அதுவரைக்கும் எனக்குத் தெரிந்த தடை என்று எதுவும் இருந்ததில்லை. முதல் ஓலை வாசித்தபோது எப்சி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். பக்கத்திலிருந்த பிள்ளைகள் அவளை இடித்துக்கொண்டே இருந்தார்கள். நான் குருவானவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கிறார். தெரியுமா என்று கேட்கிறார். எனக்குத் தெரியுமே.

அந்த வாரம் முழுக்கத் தூங்கவில்லை. குடும்ப ஜெபத்தில் எனக்கு முறை வந்தபோது ஒரே வரியில் முடித்துவிட்டேன். இரண்டாம் ஓலை வாசித்தார்கள். அன்றைக்கும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஆராதனை முடிந்ததும் இப்போது இருக்கிற உபதேசியாரைத் தேடிப் போனேன். கோயிலுக்குப் பின்னால் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஓலையில கேக்குதாங்களே, தெரிஞ்சவங்க சொல்லணும்னு. அதுக்கு யாராவது எந்திரிச்சுச் சொல்லியிருக்காங்களா?"

அவர் சிரித்தார். "எங்க சொல்லுதாங்கம்மா! நா வந்து இத்தன வருஷத்துல ஒருத்தர் எந்திரிச்சதில்ல. அது ஒரு வழக்கத்துக்கு வாசிக்கது."

"அப்ப எதுக்குய்யா கேக்கணும்?"

"வழக்கம்மா."

எனக்கு அந்தப் பதில் சரியாகப் படவில்லை. நம்புகிறாயா என்று கேட்டதும் வழக்கத்துக்குத்தானா? சம்மதமா என்று கேட்டதும் வழக்கத்துக்குத்தானா? அப்படியென்றால் என்னிடம் யார்தான் அக்கா மெய்யாகக் கேட்டது?

வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். "மனசு குத்துது, அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிருவோம்" என்றேன். "ஒனக்கு வேற வேல இல்லையா?" என்று பேப்பரைப் புரட்டிக்கொண்டார். எப்சியிடம் சொல்லவில்லை. அவள் சந்தோஷமாக இருந்தாள். புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்கிறதும், கொலுசு மாற்றுகிறதும், போனில் சிரிக்கிறதும். அதில் போய் எப்படி இதைச் சொல்லுவது? பிள்ளை மனம் நோகுமே என்று சொல்லவில்லை. அவள்மேல் இருந்த பாசத்தில்தான் சொல்லவில்லை. அவள் அதை இன்றுவரை புரிந்துகொள்ளவில்லை.

மூன்றாம் ஞாயிறு காலையில் உபவாசம் இருந்து போனேன். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டேன். குருவானவர் அறிவிப்புகளை வாசித்தார், யாரோ எலக்ட்ரிக் சாமான் காணிக்கை கொடுத்தது, பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம், எல்லாம் வாசித்துவிட்டு ஓலைக்கு வந்தார். பெயர்களை வாசித்தார். தெரிந்தவர்கள் தெரியப்படுத்த வேண்டும் என்றார். வழக்கம்போல அடுத்த தாளைப் புரட்டப்போனார்.

நான் எழுந்துவிட்டேன்.

"ஐயா, எனக்குத் தெரியும்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். ஏதோ ஜெபக் குறிப்பு சொல்லுகிறேன் என்று நினைத்துவிட்டார் போல. "அப்புறம் சொல்லுங்கம்மா" என்றார்.

"இல்லய்யா, நீங்க இப்பதான கேட்டீங்க. எம் மகளுக்குச் சின்ன வயசுல வலிப்பு உண்டு. மாப்பிள்ள வீட்டுக்காரங்களுக்கு அது தெரியாது. தெரியாம நடந்தா பாவமாகும். இதுதான்யா எனக்குத் தெரிஞ்ச தட."

உட்கார்ந்துவிட்டேன். அக்கா, அந்த நேரம் என் நெஞ்சிலிருந்து ஒரு ஆட்டுக்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. வழிநடையில் சுமையை இறக்கி வைக்கிறவளுக்கு எப்படி இருக்கும், அப்படி. கோயிலில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. கடவுள் பிரசன்னம் என்றே நினைத்தேன்.

அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து கனிராஜ் எழுந்தான். "ஐயா, எனக்கு இது தெரியும். எப்சி எங்கிட்ட எப்பவோ சொல்லிட்டா. எனக்கு ஒரு தடையும் இல்ல. நீங்க மேல வாசிங்க" என்றான்.

அதோடு முடிந்திருக்க வேண்டுமா இல்லையா? அவனுக்கே தெரியும் என்கிறான். தடை இல்லை என்கிறான். நான் சொன்னதால் கெட்டது என்ன? ஆனால் மெர்சி டீச்சர் பாடகர் வரிசையிலிருந்து திரும்பினார். "ஒனக்குத் தெரியுமால? தெரிஞ்சும் எங்கிட்ட மறச்சியா? எல்லாருமாச் சேந்து என்னக் கேணச்சி ஆக்கிட்டீங்களா?" என்று அங்கேயே கேட்டார். மைக் பக்கத்தில் நின்றதால் வெளியில் செருப்புப் போடும் இடம்வரை கேட்டது. பாட்டுப் புத்தகத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் பக்கவாசல் வழியாகப் போய்விட்டார். அவர் பின்னால் அவர் வீட்டுக்காரர். கனிராஜ் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவனும் போனான். அம்மா பின்னால் போகாமல் பிள்ளை என்ன செய்யும்?

குருவானவர் அன்றைக்குப் பிரசங்கத்தைச் சுருக்கிவிட்டார். அவர் செய்ததில் எனக்குப் பிடிக்காதது அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க இவள் அப்பா எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். எப்சி எனக்குப் பின்னால் வந்தாள். நடுவில் நான். வந்ததும் அவர் சோற்றுத் தட்டை எடுத்து வாசலில் எறிந்தார். எப்சி அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அழவே இல்லை. கதவில் சாய்ந்துகொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஒன்ன யாரும்மா கேட்டா?"

"குருவானவர் கேட்டாருட்டி. மூணு வாரமாக் கேட்டாரு. நீயும்தான பக்கத்துல இருந்த?" என்றேன்.

 அவள் உள்ளே போய்க் கொலுசைக் கழற்றி வைத்தாள். நான் சொன்னதில் தப்பு இருந்தால் சொல்லுங்கள் அக்கா. கேட்டார், சொன்னேன்.

அதற்குப் பிறகு கனிராஜ் ஒரு நாள் மத்தியானம் இங்கே வந்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தான். இவள் அப்பா வேலைக்குப் போயிருந்தார். முகமெல்லாம் வாடி, தாடி வளர்ந்து, பார்க்கவே பாவமாக இருந்தது.

"அத்த, ஒரே ஒரு ஒத்தாச பண்ணுங்க. எங்க அம்மா உங்க வாயால கேட்டா அடங்கிருவா. வலிப்பு எப்சிக்கு இல்ல, ஒங்க தங்கச்சி மகளுக்கு, பதட்டத்துல மாத்திச் சொல்லிட்டேன்னு சொல்லுங்க. அன்னைக்குத் தெரியும்னு நா சொன்னது எப்சிய விட்டுக்குடுக்கக் கூடாதுன்னுதான்னு நானும் சொல்லிக்கிடுதேன். நா அம்மாவ இங்க கூட்டிட்டு வாரேன். கோயில்லகூட வேண்டாம். இந்த வீட்டுக்குள்ள சொன்னாப் போதும்."

எப்சி அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பாதம் தெரிந்தது.

"பொய் சொல்லச் சொல்லுதியாப்பா?" என்றேன்.

"ஒரு பொய்தான் அத்த."

"ஒண்ணுன்னாலும் பொய்தான? சபைக்கு நடுவுல சொன்ன உண்மைய வீட்டுக்குள்ள வச்சுப் பொய்யின்னு சொன்னா, நா எந்த முகத்தோட நற்கருணை எடுப்பேன்?"

எப்சி வெளியே வந்தாள். என் காலைத் தொட்டாள் அக்கா. நமக்குக் காலில் விழுகிற வழக்கம் இல்லை, அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் தொட்டாள். "எம்மா, எனக்காவச் சொல்லும்மா. ஒரே ஒரு தடவ" என்றாள். நான் அவளைத் தூக்கி நிறுத்தினேன். மனுஷி காலில் விழக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தேன். மூன்று பேருமாக ஜெபம் பண்ணுவோம், ஆண்டவர் மெர்சி டீச்சர் மனதை மாற்றுவார் என்றேன். முழங்கால்படியிட்டு நானே ஜெபித்தேன், நன்றாக நேரம் எடுத்து, கண்ணீரோடு ஜெபித்தேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அவன் போயிருந்தான். எப்சி அடுப்படியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

மெர்சி டீச்சர் மனம் மாறவில்லை. அவனுக்கு நாகர்கோவிலில் பெண் எடுத்தார்கள். அந்த ஓலையையும் எங்கள் கோயிலில் வாசித்தார்கள். எப்சி அன்றைக்கும் ஆராதனைக்கு வந்திருந்தாள். குருவானவர் வாசித்து முடிக்கும்வரை எல்லாரும் என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பெண்ணைப் பற்றி எதுவும் தெரியாது. தெரியாததை நான் என்றைக்கும் சொல்லமாட்டேன்.

இப்போது எங்கள் நிலைமையைக் கேளுங்கள். நான் உட்கார்ந்தால் பெஞ்சில் இரண்டு பேர் தள்ளி உட்காருகிறார்கள். ஐக்கிய சங்கத்தில் எனக்கு இருந்த ஜெப முறையை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். கல்யாண வீட்டுக்கு யாரும் முன்கூட்டி அழைப்பதில்லை, ஓலை மூன்றும் முடிந்த பிறகுதான் பத்திரிகை வருகிறது. இவள் அப்பா சாப்பிடும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. எப்சி பேசுவாள். "அரிசி தீந்துட்டு", "கேஸ் வந்துட்டு", அவ்வளவுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்கும். நானும் அவளும் ஒரே பாயில் படுத்தவர்கள் அக்கா. வலிப்பு வந்த காலத்தில் ராத்திரி முழுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கியவள் நான். பல்லுக்கு நடுவில் நாக்கு மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று என் விரலைக் கொடுத்திருக்கிறேன். அப்படிச் செய்யக்கூடாது என்று டாக்டர் திட்டினார். பாருங்கள், தழும்பு இன்னும் இருக்கிறது.

ஒரு நாள் குருவானவரிடமே போய்க் கேட்டேன். "ஐயா, நா செஞ்சது கீழ்ப்படிதல்தான? சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க. எம் மக முன்னால சொல்லுங்க." அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். "உண்மையத்தாம்மா சொன்னீங்க" என்றார்.  உண்மையைச் சொன்னேன் என்பது எனக்குத் தெரியாதா? நான் கேட்டது அதையா? இப்போதெல்லாம் ஓலையில் அந்த வரி வரும்போது மட்டும் குரலை இறக்கி வேகமாக வாசித்துவிடுகிறார்.

யாத்திரை என்றால் இப்படித்தான் இருக்கும் போல. நல்ல வழியில்தான் போகிறோம் என்று தெரிகிறது. ஆனால் கூட வந்தவர்கள் ஒருவரையும் காணோம். சில நாள் முழங்காலில் நிற்கும்போது நான் யாரிடம் பேசுகிறேன் என்றே தெரிவதில்லை. அந்தப் பக்கத்திலிருந்தும் பதில் இல்லை. கேள்வியும் இல்லை. எதையாவது கேட்டால் சொல்லலாமே என்று காத்துக்கொண்டே இருக்கிறேன்.

என்ன கேட்டீர்கள்? இப்போது வருகிறதா என்றா?

இல்லை இல்லை. அதெல்லாம் போய் எவ்வளவு காலம் ஆயிற்று. டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார். மாத்திரை கிடையாது, ஒன்றும் கிடையாது. திடமான பிள்ளை.

போன லெந்து உபவாச நாளில் ஒரு தரம் குளியலறையில் விழுந்தாள். நெற்றியில் இரண்டு தையல். சோப்புத் தண்ணீர் வழுக்கிவிட்டது என்றாள். வழுக்கித்தான் இருக்கும். அந்தத் தரை அப்படி. நானே இரண்டு தரம் வழுக்கியிருக்கிறேன். ஆனால் நீங்கள் கேட்டதால் சொல்லுகிறேன், நான் பக்கத்தில் இல்லை, மாவு அரைக்கப் போயிருந்தேன். கண்ணால் பார்க்காததை அது வலிப்பு இல்லை என்று உங்களிடம் சத்தியமாகச் சொல்ல என்னால் முடியாது. வலிப்பு என்றும் சொல்லமாட்டேன். இரண்டில் எதுவென்று தெரியாது, அவ்வளவுதான்.

அடுப்படியில் சத்தம் நின்றுவிட்டதே. பஜ்ஜி ஆகிவிட்டது போல.

அக்கா, எங்கே எழுந்துவிட்டீர்கள்? காப்பி வருகிறது. இதோ, வந்துவிட்டாள். "வா எப்சி, இங்க வையி. தல முடிய ஒதுக்கிக்கோ." பாருங்கள், எவ்வளவு லட்சணமாக இருக்கிறாள். தட்டு சூடு, பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாயாவது குடியுங்கள். அவள் போட்ட காப்பியைக் குடித்தவர்கள் வேறு காப்பியைத் தேடமாட்டார்கள்.

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது அக்கா. இவள் அப்பா இப்போது வந்துவிடுவார். அவர் உங்களிடம் மற்றதையெல்லாம் பேச வேண்டும் என்று இருந்தார். சரி, அவசர வேலை என்றால் என்ன செய்வது. எப்சி தலையைத் தடவிக் கொடுக்கிறீர்கள், நல்ல மனசு உங்களுக்கு. நான் இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு முகச்சுளிப்பு இல்லை. உண்மையைக் கேட்டுத் தாங்குகிறவர்கள் எத்தனை பேர்? எனக்கு உங்களை ரொம்பப் பிடித்துவிட்டது.

படி உயரம், பார்த்து இறங்குங்கள்.

என்ன சொன்னீர்கள்? ஜெபித்துவிட்டுச் சொல்லுகிறோம் என்றா? ஆகட்டும் அக்கா. ஆகட்டும். ஜெபிக்காமல் எதையும் செய்யக்கூடாது. நன்றாக ஜெபியுங்கள், அவசரமே இல்லை.

"கேட்டியாட்டி எப்சி? ஜெபிச்சிட்டுச் சொல்லுதாங்களாம். அங்ஙன நின்னு சொவரப் பாத்துக்கிட்டு இருக்காத, அக்காவுக்குப் போய்ட்டு வாங்கன்னு சொல்லு."

இந்தக் காலத்தில் ஜெபிக்கிற குடும்பம் கிடைப்பது லேசா? உங்களுக்கு முன்னால் சாயர்புரத்திலிருந்து ஒரு வீட்டார் வந்தார்கள், தூத்துக்குடியிலிருந்து ஒரு வீட்டார் வந்தார்கள். இரண்டு பேரும் இதே வார்த்தையைத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். மாதங்கள் ஆகிவிட்டன. இன்னும் ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.